ஷின்காய் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாரா?

ஜப்பானிய அனிமேஷன் பட இயக்குநர் மகோட்டோ ஷின்காயைப் பற்றி அனிமே ரசிகர்கள் பேச உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்திலேயே யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "நல்ல இயக்குநர்தான், ஆனா எல்லாம் ஒரே படம்." அப்படிச் சொல்லக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு பையன், ஒரு பெண், இருவருக்கும் நடுவே தாண்ட முடியாத தூரம். ஒரு ரயில். ஒரு கைபேசி. அடுக்கடுக்காக ஏறி நிற்கும் மேகம், மழையில் மின்னும் தார்ச்சாலை, தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் மின்கம்பிகள். வாய் திறக்காமல் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டு போகும் ஒரு குரல். 2002-இல் வந்த படத்திலும் இதெல்லாம் உண்டு, இருபது வருடம் கழித்து வந்த படத்திலும் இதில் பெரும்பாலானவை உண்டு.

இந்தப் பட்டியலை நான் மறுக்கப்போவதில்லை. ஆனால் அவருடைய படங்களை வெளிவந்த வரிசையிலேயே ஒருமுறை பார்த்தபோது எனக்கு வேறொன்று பிடிபட்டது. ஷின்காய் கேட்பது ஒரே கேள்விதான். பிரிந்த இருவர் மறுபடி சேர என்ன வேண்டும்? ஆனால் ஒரு படத்தில் அதற்குத் தான் சொன்ன பதில் அவருக்கே நெருடுகிறது. அடுத்த படத்தை அந்தப் பதிலைத் திருத்துவதற்காகவே எடுக்கிறார். சில சமயம் ரசிகர்களோடு சண்டை போட்டு, சில சமயம் தன்னோடேயே சண்டை போட்டு. அதனால் திரும்பத் திரும்ப வரும் பொருட்களை மட்டும் எண்ணிப் பார்த்தால் போதாது. அதே ரயில், அதே தெரு, அதே எதிர்பாராத சந்திப்பு ஒவ்வொரு முறையும் எப்படி முடிகிறது என்று பார்க்க வேண்டும்.

ஷின்காய் 1973-இல் நாகானோ மாகாணத்தின் கோஉமி என்ற மலையூரில் பிறந்தவர். குடும்பத் தொழில் கட்டுமானம். டோக்கியோவின் சுவோ பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படித்தார். அப்புறம் நிஹோன் ஃபால்காம் என்ற வீடியோ கேம் நிறுவனத்தில் வேலை. அங்கே விளையாட்டுகளின் தொடக்கக் காட்சிகளைச் செய்துகொண்டிருந்தார். இந்த வேலையைச் சாதாரணமாகத் தாண்டிப்போகக் கூடாது. கதை எதுவுமே தெரியாமல் திரைமுன் உட்கார்ந்திருப்பவனை, இரண்டு மூன்று நிமிடத்துக்குள், வானத்தையும் காற்றையும் இசையையும் வேகமான வெட்டுகளையும் வைத்து உருகவைக்க வேண்டும். பின்னாளில் அவருடைய எல்லாப் படங்களிலும் பாட்டு ஓட ஓட வாழ்க்கையின் பல வருடங்கள் சிதறல் சிதறலாக ஓடுமே, அந்தப் பழக்கம் இங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலையை விட்டுவிட்டு, வீட்டில் ஒரு மேக் கணினியை வைத்துக்கொண்டு, கிட்டத்தட்டத் தனி ஆளாக அவர் செய்த 25 நிமிடப் படம்தான் 2002 பிப்ரவரியில் வந்த 'வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்'. டோக்கியோவின் ஷிமோகிட்டாசாவா பகுதியில் ஒரு சின்னத் திரையரங்கில் வெளியானது. முதல் பதிப்பில் கதாநாயகனுக்குக் குரல் கொடுத்தவரும் அவரேதான். கதை இதுதான்: மிகாகோ என்ற பள்ளி மாணவி விண்வெளிப் படையில் சேர்ந்து போகிறாள். நோபோரு பூமியில் இருக்கிறான். இருவரும் கைபேசியில் மெயில் அனுப்பிக்கொள்கிறார்கள். அவள் தூரமாகப் போகப்போக மெயில் வந்துசேர எடுக்கும் நேரமும் கூடுகிறது. முதலில் நாட்கள், பிறகு மாதங்கள், கடைசியில் சிரியஸ் விண்மீனிலிருந்து எட்டு வருடத்துக்கும் மேல். பதினைந்து வயதுப் பெண் எழுதியது இருபத்து நான்கு வயது ஆணின் கையில் கிடைக்கிறது.

ஷின்காயின் கதை முழுக்க இந்த ஒரு படிமத்துக்குள்ளேயே இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் கவனியுங்கள், இங்கே இருவரையும் பிரிப்பது இயற்பியல். ஒளியின் வேகத்தை யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் யார் மீதும் குற்றமில்லை, யாரும் எதுவும் செய்யவும் வேண்டியதில்லை. காத்திருக்கலாம், அவ்வளவுதான். 2004-இல் வந்த அவருடைய முதல் முழுநீளப் படத்திலும் இதே நிலைதான். சாயுரி வருடக்கணக்கில் தூங்குகிறாள். கண் விழிக்கும் நொடியில், கனவுக்குள் சொல்லவேண்டும் என்று வைத்திருந்ததை மறந்துவிடுகிறாள். விழித்தால் மறந்துபோகும் இந்தச் சங்கதி பன்னிரண்டு வருடம் கழித்து உலகம் முழுக்க ஓடிய ஒரு படத்தின் முதுகெலும்பாக மாறப்போகிறது. அன்றைக்கு அதைக் கவனித்தவர்கள் குறைவு. ஆனாலும் அந்தப் படம் மைனிச்சி திரைப்பட விருதுகளில் அனிமேஷன் பரிசை வென்றது. அந்த வருடம் புகழ்பெற்ற அனிமே இயக்குநர் மியாசாகியின் 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' வெளிவந்திருந்தும் வென்றது.

2007-இல் வந்த '5 சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்' படத்தில்தான் ஷின்காய் விண்வெளியைத் தூக்கி எறிந்தார். அறிவியல் கற்பனை இல்லை, போர் இல்லை. இரண்டு பள்ளிப் பிள்ளைகள், பெற்றோரின் வேலை மாற்றம், நடுவே ரயில் பாதை. அவ்வளவுதான்.

அதன் முதல் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 1995 மார்ச் மாதம், பதிமூன்று வயது தகாகி டோக்கியோவிலிருந்து தொச்சிகி மாகாணத்தின் இவாஃபுனே நிலையத்துக்குக் கிளம்புகிறான். அகாரியை மாலை ஏழு மணிக்குப் பார்ப்பதாகப் பேச்சு. பனி கொட்ட ஆரம்பிக்கிறது. ரயில் தாமதமாகிறது. ஒவ்வொரு நிலையத்திலும் நின்று நின்று, பிறகு ஒன்றுமே இல்லாத வயல்வெளியின் நடுவில் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. கைபேசி இல்லாத காலம். "நீ வீட்டுக்குப் போயிடு" என்று அவளுக்குச் சொல்லக்கூட வழியில்லை. அவளுக்காக எழுதிவைத்த கடிதத்தை நடைமேடையில் காற்று பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறது. அவன் போய்ச் சேரும்போது இரவு பதினொன்று தாண்டிவிட்டது. காத்திருப்பு அறையில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில், மடியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, அவள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

ஷின்காயின் மொத்தப் படைப்பிலும் இதைவிடத் துல்லியமான இருபது நிமிடங்கள் இல்லை என்பது என் கருத்து. ரயில் கதவின் பொத்தான், நகராத கடிகார முள், காலணியில் ஒட்டிய பனி, இவற்றை வைத்தே ஒரு பையனின் நெஞ்சு எப்படி இறுகுகிறது என்று காட்டிவிடுகிறார். அப்புறம் ஒரு விஷயம்: அன்றைக்கு அகாரியிடமும் ஒரு கடிதம் இருந்தது. அவளும் கொடுக்கவில்லை. இரண்டு கடிதம் எழுதப்பட்டது, ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. 2002 படத்தின் மெயிலை எட்டு வருடம் தாமதித்தது பிரபஞ்சம். இந்தப் படத்தின் கடிதத்தைக் காற்று கொண்டுபோனது உண்மைதான், ஆனால் அதில் இருந்ததை அவன் வாயால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தூரம் வெளியிலிருந்து உள்ளே வந்துவிட்டது. மூன்றாம் பகுதியில் வளர்ந்த தகாகியின் காதலி, ஆயிரம் மெயில் அனுப்பியும் நம் மனசு ஒரு சென்டிமீட்டர்தான் நெருங்கியிருக்கும் என்று எழுதுகிறாள். கைபேசி வந்துவிட்டது, ரயில் நேரத்துக்கு ஓடுகிறது, ஆனாலும் யாரும் யாரிடமும் போய்ச் சேரவில்லை.

கடைசிக் காட்சி ரயில்வே கேட். டோக்கியோவில் செர்ரிப் பூ உதிரும் ஒரு காலை. ஒரு ஆணும் பெண்ணும் எதிரெதிராகத் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள். கடந்தபின் இருவரும் திரும்பப் பார்க்கும் அந்த நொடியில் குறுக்கே ரயில் வந்து மறைக்கிறது. பின்னாலேயே எதிர்த்திசையில் இன்னொரு ரயில். இரண்டும் போனபிறகு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவன் லேசாகச் சிரித்துவிட்டு நடக்கிறான்.

இந்த முடிவைப் பார்த்துவிட்டு மனசு கனத்துப்போனவர்கள் ஏராளம். ஷின்காய்க்கு அது வியப்பாக இருந்தது. தான் சோகக்கதை சொல்லவில்லை, அவன் கடைசியில் விடுபட்டுவிட்டான் என்றுதான் காட்ட நினைத்தேன் என்று அவர் பேட்டிகளில் சொன்னார். அதே கதையை நாவலாகவும் எழுதி, விட்டுப்போன இடங்களை நிரப்பப் பார்த்தார். ஒரு படத்துக்கு வந்த எதிர்வினை அவரை அடுத்த வேலைக்குத் தள்ளுவது இங்கேதான் தொடங்குகிறது.

2011-இல் பாதாள உலகத்துக்குப் போகும் ஒரு சாகசப் படம் எடுத்தார். மியாசாகியின் கிப்லி ஸ்டுடியோவின் நிழல் அதில் அதிகம். தன் பொருட்களையெல்லாம் வீட்டிலேயே விட்டுவிட்டு இரவல் சட்டை போட்டுக்கொண்டு போனது போல இருக்கும். அவர் தன்னைத் திரும்பச் செய்யாத படம் என்றால் இதைத்தான் காட்ட வேண்டும். அவருடைய படங்களில் பலவீனமானதும் இதுதான் என்பதை, புதிதாக ஏதாவது செய்யக்கூடாதா என்று கேட்பவர்கள் யோசித்துப் பார்க்கலாம்.

2013-இல் வந்த 'தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' 46 நிமிடம்தான். ஷின்ஜுகு கியோயென் பூங்கா, மழை, ஷூ தைக்கக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் பதினைந்து வயதுப் பையன், பகலில் பீர் குடித்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கும் இருபத்தேழு வயதுப் பெண். அவள் போகும்போது மன்யோஷு என்ற பழங்கவிதைத் தொகுப்பிலிருந்து ஒரு பாட்டைச் சொல்லிவிட்டுப் போகிறாள். லேசாக இடி முழங்கி, வானம் மூடி, மழை வந்துவிட்டால் நீ இங்கேயே இருப்பாயா என்பது அதன் பொருள். அதற்குத் தொகுப்பிலேயே ஒரு பதில் பாட்டு உண்டு: மழை வராவிட்டாலும், இரு என்று நீ சொன்னால் இருப்பேன். அவள் தன் பள்ளியிலேயே வேலை பார்க்கும் இலக்கிய ஆசிரியை என்று அவனுக்கு அப்போது தெரியாது. மன்யோஷு காலத்தில் காதல் என்ற சொல்லைத் 'தனிமை', 'துயரம்' என்னும் இரண்டு எழுத்துகளால் எழுதும் வழக்கம் இருந்தது. படத்தின் விளம்பர வாசகமே அந்தப் பழைய எழுத்தைத்தான் எடுத்துக்கொண்டது. தகாகியும் அகாரியும் கடிதத்தைக் கொடுக்கவில்லை. இங்கே படிக்கட்டில் அந்தப் பையன் கத்துகிறான், கோபப்படுகிறான், எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறான். அவள் வெறுங்காலோடு ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். பிரிவு மாறவில்லை. ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்லியாயிற்று.

சரி, 2016-க்கு வருவோம். 'யுவர் நேம்' ஜப்பானில் மட்டும் சுமார் 2,500 கோடி யென் வசூலித்தது. ஜப்பானியப் படங்களில் அப்போது அதற்கு மேல் இருந்தது மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' ஒன்றுதான். ஷின்காயைப் பெரும்பாலானவர்கள் அறிந்தது இதன் வழியாகத்தான். எல்லாம் ஒரே மாதிரி என்ற பேச்சு பரவியதும் இதற்குப் பிறகு வந்தவற்றைப் பார்த்துத்தான்.

மலையூர்ப் பெண் மிட்சுஹாவும் டோக்கியோப் பையன் டாகியும் தூக்கத்தில் உடல் மாறிக்கொள்கிறார்கள். பழைய ஜப்பானியக் கதையொன்றில் அண்ணனும் தங்கையும் இடம் மாறி வாழ்வார்கள். ஓனோ நோ கோமாச்சியின் ஒரு பழம்பாடலில், கனவென்று தெரிந்திருந்தால் விழித்திருக்கவே மாட்டேனே என்று வரும். இரண்டிலிருந்தும் இந்தக் கதைக்கு விதை கிடைத்தது. ஆனால் அதைவிட முக்கியமான விதை 2011. மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும் ஜப்பானின் வடகிழக்குக் கரையில் 18,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோயின. அந்த ஜூலையில் ஷின்காய் மியாகி மாகாணத்தின் யுரியாகே கடற்கரைக்குப் போனார். ஊர் இருந்த இடத்தில் ஊர் இல்லை. இது என் ஊராக இருந்திருக்கலாம், நான் அவர்களாக இருந்திருக்கலாம் என்று அங்கே தனக்குத் தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். ஒருவர் இன்னொருவராக மாறும் கதைக்கு இதைவிட நேரான காரணம் வேண்டாம்.

அதுவரை ஷின்காயின் கதாபாத்திரங்களைப் பெரும்பாலும் பிரித்தது தூரம், வயது, தயக்கம். இப்போது சாவு குறுக்கே வருகிறது. டாகி தேடிப் போகும் இடோமோரி என்ற ஊர் மூன்று வருடத்துக்கு முன்பே வால்நட்சத்திரத்தின் துண்டு விழுந்து அழிந்துவிட்டது. மிட்சுஹா உயிரோடு இல்லை. அவளுடைய குறிப்புகள் கைபேசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழிகின்றன. எட்டு வருடம் தாமதித்தாவது வந்துசேர்ந்த மெயில் ஒரு காலத்தில் இருந்தது. இப்போது வந்துசேர்ந்ததே அழிகிறது.

மலை உச்சியில் அந்தி மயங்கும் நேரத்தில் இருவருக்கும் சில நிமிடம் கிடைக்கிறது. ஜப்பானிய மொழியில் அந்திப்பொழுதுக்கு உள்ள ஒரு சொல்லின் மூலமே 'யார் அது?' என்ற கேள்விதான். முகம் தெரியாத நேரம் என்பதால். படத்தில் அதை வகுப்பில் விளக்கும் ஆசிரியை யாரென்று பார்த்தால், பூங்காவில் உட்கார்ந்திருந்த அதே பெண். பெயர் மறந்துவிடக்கூடாதே என்று ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் எழுதிக்கொள்ள முடிவு செய்கிறார்கள். டாகி எழுதிவிட்டான். மிட்சுஹா எழுத ஆரம்பித்து ஒரு கோடு போடுவதற்குள் பொழுது மறைந்து, பேனா தரையில் விழுகிறது. ஊரைக் காப்பாற்ற ஓடும்போது விழுந்து கிடக்கும் மிட்சுஹா தன் கையைத் திறந்து பார்க்கிறாள். அதில் பெயர் இல்லை. 'உன்னை எனக்குப் பிடிக்கும்' என்று இருக்கிறது. காற்று பிடுங்கிக்கொண்டு போன கடிதம் இருபது வருடம் கழித்து வந்து சேர்ந்ததுபோல எனக்கு இருந்தது. காகிதத்தை நம்பாமல், கைபேசியை நம்பாமல், தோலிலேயே எழுதிவிட்டான்.

முடிவும் அப்படித்தான். டோக்கியோவில் பக்கம் பக்கமாக ஓடும் இரண்டு ரயில்கள். கண்ணாடி வழியே பார்த்துக்கொள்கிறார்கள். அடுத்த நிலையத்தில் இறங்கி ஓடுகிறார்கள். யோட்சுயாவின் சுகா கோயில் படிக்கட்டில் எதிரெதிரே வருகிறார்கள். ஒன்றும் பேசாமல் ஒருவரை ஒருவர் தாண்டிப் போகிறார்கள். ரயில்வே கேட்டில் முடிந்த பழைய படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் மூச்சு நின்றுவிடும். ஷின்காய்க்கும் அது தெரியும். அதே காட்சியை அதே இடைவெளியோடு வைத்து, இந்த முறை டாகியைத் திரும்ப வைத்து, வாய் திறந்து கேட்க வைக்கிறார். முன்பு எடுத்த படத்தைத் தெரிந்தே மாற்றி எழுதுகிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தேவையில்லை.

ஆனால் இந்தப் பதிலுக்கும் அடி விழுந்தது. செத்துப்போன ஊரைக் காலத்தில் பின்னால் போய்க் காப்பாற்றிவிட்டாயே, நிஜத்தில் இறந்தவர்களுக்கு என்ன பதில் என்று கேட்டார்கள். பேரழிவை இல்லாததாக்கிவிட்டார் என்றார்கள். இந்த விமர்சனம் ஷின்காயை ஆழமாகத் தொட்டது. அதற்கு அவர் எடுத்த முடிவு சுவாரசியமானது. அப்படிக் கோபப்பட்டவர்களை இன்னும் கோபப்படுத்தும் படத்தைத்தான் எடுக்கவேண்டும் என்று நினைத்ததாக அவரே சொன்னார். 2019-இல் 'வெதரிங் வித் யூ' வந்தது. இந்திய ரசிகர்கள் இணையத்தில் மனு போட்டுக் கேட்டு, அந்த அக்டோபரில் நம் ஊர்த் திரையரங்குகளுக்கும் வந்த படம் இது.

இதில் டோக்கியோவில் ஓயாத மழை. ஹினா என்ற பெண் வேண்டிக்கொண்டால் வெயில் வரும். ஆனால் அதற்கு விலை அவளே. அவள் மறைந்தால் வானம் தெளியும். ஹோடாகா என்ற பையன் அவளைத் திரும்பக் கொண்டுவருகிறான், மழை பெய்தால் பெய்யட்டும் என்கிறான். மூன்று வருடம் மழை விடாமல் பெய்து டோக்கியோவின் தாழ்வான பகுதிகள் நீருக்குள் போகின்றன. காலத்தில் பின்னால் போகும் சலுகை இந்தப் படத்தில் கிடையாது. ஒரு பாட்டி ஹோடாகாவிடம், இந்த இடமெல்லாம் ஆதியில் கடலாக இருந்ததுதானே, பழையபடி ஆகிவிட்டது என்று ஆறுதலாகச் சொல்கிறாள். உலகம் எப்போதுமே பைத்தியம் பிடித்ததுதான், உன்னால் ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொருவர் சொல்கிறார். ஹோடாகா அதை ஏற்க மறுக்கிறான். இல்லை, நாங்கள்தான் உலகத்தை மாற்றினோம் என்று அவனுக்குத் தெரியும். சிரியஸ் தூரத்துக்கு யாரும் பொறுப்பில்லை என்ற இடத்திலிருந்து எங்கே வந்துவிட்டார் பாருங்கள்.

இந்தப் படத்தில் எனக்கு மனக்குறை உண்டு. மழையையும் நியான் விளக்கையும் வரைவதில் இருக்கும் அக்கறை, மூழ்கிய வீடுகளில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதில் இல்லை. உண்மையான மறுபிரதி இங்கேதான் தெரிகிறது. ராட்விம்ப்ஸ் இசைக்குழுவின் பாட்டு, அது ஓட ஓட வேலையும் சிரிப்புமாக நாட்கள் நகரும் தொகுப்பு, முக்கால் படத்தில் பெண் மறைதல், பையன் ஓடுதல், வானத்தில் சந்திப்பு, 'சில வருடங்கள் கழித்து' ஒரு முடிவு. 'யுவர் நேம்' போட்ட அச்சிலேயே வார்த்தது. இன்னொரு பழக்கமும் கூடவே வருகிறது. சாயுரி தூங்குகிறாள், மிட்சுஹா சாகிறாள், ஹினா பலியாகிறாள். தேடுவது எப்போதும் பையன், காணாமல் போவது எப்போதும் பெண். ஷின்காயைக் குறை சொல்பவர்கள் ரயிலையும் வானத்தையும் விட்டுவிட்டு இந்த இடத்தில் நின்று கேட்டால் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும்.

ஜப்பானிய சினிமாவில் ஒரே பொருளைத் திரும்பச் செய்வது குற்றமல்ல. மகளைக் கட்டிக்கொடுக்கும் தகப்பனின் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்த யசுஜிரோ ஓசு, தான் டோஃபு கடைக்காரன், டோஃபுதான் செய்வேன் என்றார். ஷின்காய்க்காகவும் சிலர் இதே வாதத்தைச் சொல்வதுண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. ஓசுவிடம் இருக்கும் அமைதி ஷின்காயிடம் இல்லை. செய்து வைத்ததைத் தானே ருசி பார்த்து, உப்புப் போதவில்லை என்று மறுபடி அடுப்பு மூட்டுகிறவர் அவர்.

2022-இல் வந்த 'சுசுமே' அந்த மறுபடி மூட்டிய அடுப்பு. இந்த முறை வால்நட்சத்திரம், மழை என்று மறைத்துப் பேசவில்லை. படம் 2011 மார்ச் 11-ஐ நேராகப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. நிலநடுக்க எச்சரிக்கை ஒலி படத்தில் வரும் என்று முன்கூட்டியே பார்வையாளர்களுக்கு அறிவிப்புக் கொடுத்துத்தான் வெளியிட்டார்கள். 2023 பெர்லின் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்கும் போனது. 'ஸ்பிரிட்டட் அவே'க்குப் பிறகு அங்கே போட்டியிட்ட முதல் ஜப்பானிய அனிமே.

யோசனை எங்கிருந்து வந்தது என்று அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டடம் கட்டும்போது ஜப்பானில் நம் பூமி பூஜை போல ஒரு சடங்கு செய்வார்கள். ஆனால் ஒரு ஊர் காலியாகும்போது, ஒரு பள்ளி மூடப்படும்போது, ஒரு இடம் சாகும்போது அதற்கு எந்தச் சடங்கும் இல்லை. இடங்களுக்குத் துக்கம் கேட்கும் கதை ஒன்று வேண்டும் என்று நினைத்தார். கட்டுமானத் தொழில் செய்யும் வீட்டில் வளர்ந்தவர் இப்படி நினைத்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. கைவிடப்பட்ட குளியல் விடுதி, பள்ளிக்கூடம், கேளிக்கைப் பூங்கா என்று ஒவ்வொரு இடத்திலும் திறந்து கிடக்கும் ஒரு கதவைச் சுசுமே என்ற பெண் மூட வேண்டும். மூடுவதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களின் குரலைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். 'யுவர் நேம்' படத்தில் கதவுகள் சட்டென்று திறந்து மூடும் காட்சிகள் அடிக்கடி வரும், ஒரு காட்சியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ. அதே கதவு இங்கே கதையாகவே ஆகிவிட்டது.

தேடுகிறவள் இங்கே பெண். காணாமல் போகிறவன் சோதா என்ற இளைஞன், அதுவும் மூன்று கால் நாற்காலியாக மாறி. மேலே சொன்ன குறையை அவரே உணர்ந்து திருப்பிப் போட்டிருக்கிறார். ஆனால் சுசுமேக்கும் சோதாவுக்கும் நடுவிலான காதல் பழக்கதோஷத்தில் வந்ததாகவே எனக்குப் படுகிறது. இந்தப் படத்தின் உண்மையான உறவு சுசுமேக்கும், தாயை இழந்த அவளைப் பன்னிரண்டு வருடம் வளர்த்த சித்தி தமாகிக்கும் நடுவில் இருக்கிறது. நெடுஞ்சாலையோர வண்டி நிறுத்தத்தில், மழையில், என் வாழ்க்கையைத் திருப்பிக் கொடு என்று சித்தி கத்துவாள். ஏதோ ஒரு சக்தி அவளைப் பேச வைத்தது உண்மைதான், ஆனால் பேசியது பொய் இல்லை. தான் அப்படி நினைத்ததுண்டு, ஆனால் அது மட்டுமே இல்லை என்று அவளே பின்னால் சைக்கிள் மிதித்துக்கொண்டு சொல்வாள். மேகத்துக்கு அப்பால் இருக்கும் காதலியை விட்டுவிட்டு ஒரே வீட்டில் சேர்ந்து சாப்பிடும் இருவருக்கு நடுவிலான தூரத்தை ஷின்காய் காட்டியது இங்கேதான் முதல்முறை.

இன்னொரு சின்ன இடம். கூட வரும் செரிசாவா, ஃபுகுஷிமா பக்கம் காரை நிறுத்துகிறான். அணு உலை விபத்துக்குப் பிறகு மக்கள் வெளியேறிய ஊர். புல் மண்டிக் கிடக்கிறது, தூரத்தில் கடல், மேலே அவருக்கே உரிய அந்த வானம். இந்த இடம் இவ்வளவு அழகாக இருக்கிறதே என்கிறான் அவன். சுசுமே திரும்பிப் பார்த்து, "அழகா? இதுவா?" என்று கேட்கிறாள். கோபமாகக்கூட இல்லை, நிஜமாகவே புரியாமல். இருபது வருடம் அழகான வானங்களை வரைந்து பேர் வாங்கிய ஒருவர், தன் பார்வையின் மீதே வைத்த கேள்வி அது.

'யுவர் நேம்' செய்தது போல இந்தப் படம் யாரையும் சாவிலிருந்து மீட்கவில்லை. சுசுமேயின் அம்மா வரவே இல்லை. சின்ன வயதில் அழுதுகொண்டிருந்தபோது எதிரே வந்து நின்றது அம்மா என்று அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். வந்தது வளர்ந்த சுசுமேதான். நான்தான் உன்னுடைய நாளை என்று அந்தக் குழந்தையிடம் சொல்கிறாள். எட்டு வருடம் தாமதமாகப் போன மெயில் இங்கே பின்னோக்கிப் பயணிக்கிறது, தனக்குத் தானே எழுதியதாக.

உச்சக்கட்டத்தில் அந்தக் கதவை மூடும்போது கேட்கும் குரல்கள் 2011 மார்ச் 11 காலையின் குரல்கள். வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்பும் சாதாரண மனிதர்களுடையவை. "இட்டெகிமாஸ்", "இட்டெகிமாஸ்" என்று திரும்பத் திரும்ப. ஆங்கில வசனவரியில் இது கிளம்புகிறேன், பிறகு பார்க்கலாம் என்பது போல ஏதாவது வரும். தமிழில் பார்ப்பவருக்கு அந்தச் சொல் அப்படியே கிடைத்துவிடுகிறது: போயிட்டு வரேன். நாமும் வாசலில் நின்று போகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை. வருவேன் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அன்று காலை அப்படிச் சொல்லிவிட்டுப் போன அத்தனை பேரின் குரல்.

படத்தின் தொடக்கத்தில் ஒரு சாலை வரும். கடல் பார்த்த மேட்டுச் சாலை. சைக்கிளில் இறங்கும் சுசுமேயும் மேலே ஏறிவரும் சோதாவும் எதிரெதிரே கடந்து போவார்கள். கடைசிக் காட்சியும் அதே சாலைதான். அதே சரிவு, எதிரே அவன் வருகிறான். ரயில்வே கேட்டில் ஒருவன் திரும்பிப் பார்த்தபோது அங்கே யாரும் இல்லை. படிக்கட்டில் ஒருவன் தாண்டிப்போய்த் திரும்பிப் பெயர் கேட்டான். சுசுமே தாண்டிப் போகவில்லை. சைக்கிளை நிறுத்தி, மூச்சை இழுத்துக்கொண்டு, நேராகப் பார்த்து ஒரே வார்த்தை சொல்கிறாள். "ஒகாஎரி." வந்துட்டீங்களா.